கயிறு பிடித்தவர்

மார்ச் 4
மனநல ஆலோசகர் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்த இடம் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பின் சிறு மருத்துவமனை. நான் பிறந்து வளர்ந்த குடியிருப்பேதான். அப்பா இன்னும் சாக்கடைக் குழியில் இறங்குகிறார். "சும்மா பேசினா சரியாயிடுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 6
முதல் ஆள் வந்தார். 'நெட்டை' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கூட வேலை பார்த்தவர் குழிக்குள் விஷவாயுவில் செத்ததிலிருந்து மூடியைத் திறந்தாலே இவர் பத்தடி தள்ளிப் போய்விடுகிறார். ஒப்பந்தக்காரர் நடிப்பு என்கிறார். இறங்கலாமா கூடாதா, நான் எழுதித் தர வேண்டும். குளித்துவிட்டுத்தான் வந்ததாக அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை.

மார்ச் 13
வந்தார். வெயில், சம்பளம் என்று மட்டும் பேசிவிட்டுப் போனார்.

மார்ச் 20
இன்று அந்தச் சாவைப் பற்றிப் பேசினார். அன்றைக்கு மேலே நின்று கயிறு பிடித்தது இவர்தானாம். "இழுத்தேன், கனமா இருந்துச்சும்மா. உசுரோட புடிச்சிக்கிட்டிருக்கான்னு நெனச்சேன்."

குறிப்பு எழுதினேன்: தூக்கமின்மை, திடுக்கிடல், குற்ற உணர்வு.

அப்பாவுக்கு யாரு கயிறு பிடிக்கிறாங்க? இத்தன வருஷத்துல நான் கேட்டதே இல்லையே —

மார்ச் 21
பயிற்சிப் பேராசிரியையிடம் அப்பாவின் வேலையைச் சொன்னேன். நெட்டையை வேறு ஆளிடம் மாற்றிவிடலாமா என்றார். வேண்டாம் என்றேன். "அவருக்காக உக்காந்திருக்கியா, உங்கப்பாவுக்காகவா? அத மட்டும் பாத்துக்க." பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 3
மனப் பாதிப்பு என்று எழுதினால்தான் குழியிலிருந்து விலக்கு. அது உண்மையும்கூட. நெட்டையிடம் சொன்னேன். "அவங்க பயந்தாங்கொள்ளிங்கிறாங்க. நீங்க பைத்தியம்னு எழுதப் போறீங்க. ரெண்டுல எது பரவால்லம்மா?"

பைத்தியம் இல்லை என்று விளக்கினேன். அறிக்கையை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: பாதுகாப்பில்லாத குழியைக் கண்டு பயப்படுவது நோயல்ல. பேராசிரியை அந்த வரியை இரண்டு முறை படித்தார். அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 24
நெட்டைக்கு இப்போது தரைக்கு மேலே, கழிவை உறிஞ்சும் பம்பு வண்டியில் வேலை. சம்பளம் குறைவு. தூக்கம் கொஞ்சம் பரவாயில்லையாம். கயிற்றை மட்டும் இன்னும் தொட முடியவில்லை. வாரா வாரம் வருகிறார்.

மே 8
வெளியே பெஞ்சில், வரிசையின் கடைசியில், அப்பா. முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. சொந்த அப்பாவுக்கு நானே ஆலோசனை தரக் கூடாது என்பது விதி. உடன் பயிற்சி பெறும் தோழியிடம் அனுப்பிவைத்தேன்.

தோழி கதவைச் சாத்தினாள். பிறகு அப்பாவின் குரல் கேட்டது. சொற்கள் காதில் விழாத தூரத்துக்குத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.