அத்தை கழற்றித் தந்த ரேம்

அன்புள்ள மருமகளே,

ஈரேழு உலகத்திலும் எவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டே இந்தக் கதையைத் தொடங்குகிறேன்.

பக்கம் அமைக்க நீ அனுப்பிய ஆய்வேட்டை நேற்றுக் காலை திறந்தேன். முந்நூறு படங்கள்! என் கம்ப்யூட்டர் விட்ட பெருமூச்சில் ஜன்னல் திரை எதிர்வீட்டு மாடிக்குப் பறந்தது. ஐந்து மணிக்குள் ஒப்படைக்காவிட்டால் உன் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகுமே!

கம்ப்யூட்டரின் நினைவகத்தைக் கூட்டலாம் என்று கடைக்காரரிடம் ரேம் விலை கேட்டேன். "சொல்லி முடிக்கறதுக்குள்ள ஏறிடும் சார், சீக்கிரம் கேளுங்க" என்றார். நான் தும்மினேன், அதற்குள் இரண்டு முறை ஏறிவிட்டது.

இடம் மிச்சம் பிடிக்கப் பாட்டை நிறுத்தினேன், பிரவுசரை மூடினேன், கடைசியில் என் மூளையையும் மூடினேன். அதில் ஏற்கெனவே ஒன்றும் ஓடவில்லை.

அப்போது உன் அத்தை வந்தாள். பத்து நாளாக எங்கள் வீட்டில் நிலவிய அமைதியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. தன் எம்பிராய்டரி டிசைன் கம்ப்யூட்டரிலிருந்து ரேமைக் கழற்றி என் மேசையில் வைத்தாள்.

"புள்ளைக்காகத் தரேன். உங்களுக்குன்னு நெனச்சுக்காதீங்க."

நாலரைக்கு ஆய்வேடு பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தது. கம்ப்யூட்டர் எழுந்து நின்று எங்களுக்கு வணக்கம் வைத்தது.

ரேமை அவள் கம்ப்யூட்டரிலேயே திருப்பிப் பொருத்தப் போனேன்.

"இருக்கட்டும், இனிமே இதுலயே டிசைன் போட்டுக்கறேன். கொஞ்சம் நகந்து உக்காருங்க."

ஆய்வேடு போனது உனக்கே தெரியும். மற்ற புளுகுகளுக்கு நடுவே இந்த ஒன்று மட்டும் நிஜம்: நான் நகர்ந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அரை நாற்காலியில் அமர்ந்திருக்கும்
உன் மாமா