ஏழாவது குழியின் வெள்ளைக் குச்சி

1979 ஜூலை 8, ஞாயிறு

கிளப்பில் கோல்ப் ஆடப் போய் வந்தோம். மூன்றாவது குழியில் கொடி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. லேசாகத்தான் தட்டினேன், பந்து கொடிக்கு முன்னாலுள்ள ஓடைக்குள். மழை விட்டால் காற்று தெளிந்து எல்லாமே பக்கத்தில் வந்து நிற்பது போலத் தெரியும் என்பதை மறந்துவிட்டேன். வீட்டில் சோறு போடும்போது என் வீட்டுக்காரர், "கண்ணு நல்ல கண்ணுதான். எதுக்கும் நீ வேல பாக்குற ஆஸ்பத்திரி டாக்டர்ட்ட ஒருக்கா காட்டிரு" என்றார். அவருக்கு ரசம் ஊற்றவில்லை.

ஆகஸ்ட் 31, மெர்டேக்கா சுதந்திர தினத்தன்று ஜோடிப் போட்டி. ஒரே பந்தை இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும். போன வருஷம் நாங்கள்தான் கடைசி. இந்த வருஷமாவது அலமாரியில் ஒரு கோப்பை வைத்துவிட வேண்டும். அப்படி ஓர் ஆசை எனக்கு.

ஜூலை 15

இவருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. எஸ்டேட்டில் தோட்டவேலைக் கணக்கு பார்க்கும் வெளிக்காட்டுக் கிராணி அல்லவா, தேயிலை மலையைச் சங்கிலி பிடித்து அளப்பதே பிழைப்பு. அதே சங்கிலியால் கிளப் முழுக்க அளந்து, கொடிக்கு இத்தனை கெஜம் என்று எழுதி வெள்ளைக் குச்சி நடப் போகிறாராம். கமிட்டியும் தலையாட்டிவிட்டது.

"இனிமே யாரும் குத்துமதிப்பா அடிக்க வேணாம்லா" என்றார், என்னைப் பார்த்து.

குத்துமதிப்பாம். என் கண்ணும் கையும் பேசிக்கொள்வதற்கு அதுவா பெயர்?

ஜூலை 29

குச்சிகளுக்கு ஏக மரியாதை. கம்போங் ராஜாவில் காய்கறி லோரி வைத்திருக்கும் வீரப்பன் அண்ணன் இன்று பிரமாதமாக ஆடிவிட்டு இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவர் நடையே மாறிவிட்டது. நம் வீட்டுக் குளியலறை எத்தனை கெஜம் என்று கேட்டேன். சிரித்தார். ஆனால் போட்டியில் குச்சியைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும் என்கிறார்.

மாட்டேன்.

ஆகஸ்ட் 5

ஏழாவது குழி. இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் கொடி, நடுவில் பெரிய பள்ளம். இன்றுதான் நட்ட குச்சியில் நூற்று நாற்பது. அவ்வளவு இல்லை என்று தோன்றியது, சொன்னேன்.

"சங்கிலி பொய் சொல்லுமா?"

"என் கண்ணு மட்டும் சொல்லுமா?"

"போன மாசம் சொல்லுச்சே. ஓடையில."

எல்லார் முன்னாலும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒங்க குச்சியோடயே ஜோடி சேந்து ஆடிக்கிங்க" என்று பையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். நான் இல்லாவிட்டால் போட்டியில் அவரும் ஆட முடியாது. தெரிந்துதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 9

உப்பு வேண்டுமென்றால்கூட என்னிடம் கேட்காமல் அவரே எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 12

நான் கிளப்புக்குப் போகவில்லை. சாயங்காலம் வீரப்பன் அண்ணன் வாசலில் லோரியை நிறுத்தினார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"தங்கச்சி, ஏழாவதுல இன்னைக்கு எல்லாப் பந்தும் கொடியத் தாண்டிப் பொதருக்குள்ளலா. எஸ்டேட் தொரையே உள்ள பூந்து தேடுறாரு."

கூட வந்து இறங்கிய இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். பாவம், சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 16

நான்தான் பேச்சைத் தொடங்கினேன். "அந்தப் பள்ளத்த எப்படிங்க அளந்தீங்க?"

"எப்பவும் போலதான். சங்கிலியத் தரையில போட்டு இப்படி எறக்கி..." கை கீழே இறங்கியது. "அப்புறம் இப்படி ஏத்தி..." கை பாதி ஏறி, காற்றிலேயே நின்றது.

என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"மலையில ஆளு நடக்குற தூரத்தத்தான் அளப்போம்" என்றார் மெல்ல. "பந்து பள்ளத்துல எறங்கி நடந்தா போகுது? பறந்துல்ல போகுது."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவருக்கும். விலா வலிக்கும் வரை சிரித்தோம். இவருக்குத் தங்கையா என்று பெயர் வைத்த மாமியாருக்கு ஒரு கும்பிடு. தங்கம்தான்.

ஆகஸ்ட் 19

எஸ்டேட் நாற்றங்காலிலிருந்து நீளக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஏழாவதுக்குப் போனோம். கொடிப் பக்கம் நான், எதிர்ப்பக்கம் அவர். கயிறு புதரை விட்டு மேலே எழும்பி விறைக்கும் வரை இழுத்தோம். பிறகு அந்தக் கயிற்றைச் சங்கிலியால் அளந்தார். நூற்று முப்பது! தப்புக் குச்சியை அவரே பிடுங்கினார். திரும்புகிற வழியிலேயே போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். சாரதா, தங்கையா என்று என் பெயரை முதலில் சொன்னார்.

ஆகஸ்ட் 31

ஏழாவதில் அடிப்பது என் முறை. மட்டையைத் தூக்குகிறேன், மூடுபனி இறங்கிவிட்டது. கொடி இல்லை. பள்ளம்கூட இல்லை.

"ஏங்க, எவ்வளவு?"

"என்னையா கேக்குற? ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படி அடி."

"ஒண்ணும் தெரியல, என்னத்தத் தோண? நம்பரச் சொல்லுங்க."

"நூத்தி முப்பது" என்றார், திருடியதை ஒப்புக்கொள்கிறவர் போல.

அடித்தேன். சத்தம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும். பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்குள் உயிர் போய்விட்டது. பந்து கொடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. இவர் அதைக் குழிக்குள் தட்டினார். எத்தனை சந்தோஷம், கடவுளே.

மூன்றாம் இடம். மூன்றாம் இடத்துக்குக் கோப்பை கிடையாது, காப்பி பிளாஸ்க். அலமாரியில் வைத்துவிட்டேன். யாரும் அதில் காப்பி ஊற்றக் கூடாது.

செப்டம்பர் 9

ஏழாவதில் புதுக் குச்சி நட்டிருக்கிறார். முன்பக்கம் 130. பின்பக்கம், அவருடைய குண்டுக் கையெழுத்தில்: "மூடுபனி இல்லாவிட்டால் சாரதாவைக் கேட்கவும்."

என்ன எழுதியிருக்கிறது என்று தமிழ் படிக்கத் தெரியாத துரை கேட்டாராம். கிளப் விதி என்று இவர் சொல்லியிருக்கிறார்.