ஒப்பந்தத்தில் அம்மாவுக்கு ஒரே வசனம்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் வலது முழங்காலை மட்டும் நீ தனியாக நலம் விசாரிக்க வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், தூக்க விஷயத்தில் நம்பிக்கை கொஞ்சம் குறைவுதான். "ஒப்பந்தமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, விவரத்தை அப்பா எழுதுவார்" என்று போனில் சொல்லிவிட்டு அம்மா ஒத்திகைக்குக் கிளம்பிவிட்டாள், ஆகவே எழுதுகிறேன்.

முதலில் முழங்கால். நாடகத்தில் வீட்டுச் சொந்தக்காரியாக வரும்போது அம்மா கம்பை ஊன்றி இடது காலை இழுத்து நடப்பாள் அல்லவா, இத்தனை வருஷமும் பாரம் முழுவதையும் வலது கால் சுமந்திருக்கிறது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார். "விழலை டாக்டர், நடிச்சேன்" என்றாள். சின்ன அறுவை சிகிச்சை, அதன் பிறகு ஒரு மாதம் மேடை ஏறக்கூடாது என்றார். அப்படியானால் அதுவரை மேடையில் இடதுக்குப் பதில் வலது காலை நொண்டலாமா என்று இவள் கேட்டதும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான் பெரிய அரங்கத்திலிருந்து அழைப்பு வந்தது, சீசன் முழுவதும் நம் குழுவின் நாடகம், அதைப் படம்பிடிக்கவும் போகிறார்கள். நம் குழுவில் எழுதிக்கொடுக்கிற வழக்கமே இல்லை என்பது உனக்குத் தெரியும். இயக்குநர் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, அம்மா கையில் அந்தக் கம்பைக் கொடுப்பார், வேடம் அவளுக்கு. மேடை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் லைட் மாமாவுக்கு ஒரு கறுப்பு டேப் சுருள், அந்த வேலை அவருக்கு. கம்பு வேறு ஒருவர் கைக்குப் போனால் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் இப்போது கலைஞர்களுக்கான சட்டம் வந்துவிட்டது, ஒத்திகை தொடங்கும் முன் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தே ஆகவேண்டும். அந்த மசோதாவைச் சட்டசபைக் குழு விவாதத்திலிருந்து ஓட்டெடுப்பு வரை நான் பத்திரிகையில் எழுதினேன், நம் வீட்டில் ஒருவரும் படிக்கவில்லை. அந்தச் சட்டப்படி கலைஞர் என்ற பதிவு அட்டை தபாலில் வந்த அன்றுதான் அம்மா நம்பினாள்.

ஒப்பந்தம் வந்தது, முதல் வரியில் 'தொழில்முறைக் கலைஞர்' என்று அவள் பெயருக்கு முன்னால் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுப் பேனாவைத் தேடினாள். மிச்சத்தையும் படி என்றேன். "எனக்கு இது போதும். இத்தனை வருஷத்துல என்னை யாரு இப்படிக் கூப்பிட்டாங்க? இப்பதான் கூப்பிட்டிருக்காங்க, அவங்ககிட்ட போய் நொட்டை சொல்லச் சொல்றீங்களா?" என்று கோபித்துக்கொண்டாள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்ததால் நான் வாதாடவில்லை, பேனாவை மட்டும் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இயக்குநரிடம் போனேன். அவர் சிரித்தார், "நம்ம ஆளுங்க யாரு சார் மனசுக்குள்ள படிப்பாங்க? கூட்டிட்டு வாங்க, வாசிச்சுடலாம்" என்றார்.

புது நாடகத்தை முதல் நாள் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்களே, அப்படியே ஒத்திகைக் கூடத்தில் உடைப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து ஒப்பந்தத்தை வாசித்தார்கள். குரல் கனம் என்பதால் முதல் தரப்பினர் லைட் மாமா, இரண்டாம் தரப்பினர் அம்மா. முதல் தரப்பினர் தீர்மானிப்பார், மாற்றுவார், படம்பிடிப்பார், எங்கும் எக்காலத்திலும் பயன்படுத்துவார் என்று மாமா முழங்கிக்கொண்டே போகிறார், அம்மா விரலை வரியில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருக்கிறாள். நாலாம் பக்கத்தில்தான் வந்தது, 'இரண்டாம் தரப்பினர் சம்மதிக்கிறார்.' அம்மா காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். "என்னய்யா இது, இவ்வளவு நேரம் மேடையில நிக்க வச்சுட்டு எனக்கு ஒரே வசனமா? அதுவும் தலையாட்டுற வசனமா?" மாமா, "எனக்கு மூச்சு வாங்குதுக்கா, பாதியை நீங்க எடுத்துக்கங்க" என்றார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார், 'இரண்டாம் தரப்பினரில் பழுது ஏற்பட்டால் அதே திறனுள்ள வேறொன்று உடனடியாகப் பொருத்தப்படும்.' "பொருத்துறதுன்னா, எங்கே பொருத்துவாங்க?" என்று இயக்குநர் கேட்டார். அம்மா சிரிக்கவில்லை, கை முழங்காலுக்குப் போயிருந்தது. "அப்ப நான் ஒரு மாசம் படுத்தா வேடம் போயிடும். என் நடையையும் வேற ஒருத்திக்குக் கத்துக்கொடுத்துடுவாங்க" என்றாள். நாடகப் பிரதியில் அந்த நொண்டலே கிடையாது சிட்டு, நம் வீட்டு நடைவழியில் நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அவளாக நடந்து நடந்து கண்டுபிடித்தது.

மறுநாள் எல்லோருமாக அரங்க மேலாளரைப் பார்க்கப் போனோம். சண்டைக்குத் தயாராகத்தான் போனோம், அந்தப் பெண் எங்களைவிடப் பயந்து போயிருந்தாள். நடிகர்களோடு ஒப்பந்தம் போட்டுப் பழக்கமில்லையாம், சட்டம் வந்துவிட்ட அவசரத்தில் அரங்கத்து ஏ.சி. மெஷின்களுக்குப் போட்ட வாடகை ஒப்பந்தத்தை எடுத்து மெஷின் என்ற இடத்திலெல்லாம் இரண்டாம் தரப்பினர் என்று மாற்றியிருக்கிறாள். அம்மா நிதானமாகக் கேட்டாள், "அதனால என்னம்மா, மெஷினுக்கு அப்பப்ப சர்வீஸ் பண்ணணும்னு அதுல எழுதியிருக்குமே, அதை மட்டும் ஏன் எனக்கு எடுத்துட்டீங்க?" மேலாளர் முகம் சிவந்தது, பிறகு அவளாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. சட்டப் பிரதியை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து திருத்தினோம். வேலையில் அடிபட்டால் சிகிச்சை அரங்கத்தின் பொறுப்பு. அம்மா குணமாகி வரும்வரை வேடம் அவளுக்காகக் காத்திருக்கும், இடையில் நடிப்பவரைத் தற்காலிகம் என்றே அறிவிப்பார்கள். படத்தை வேறெங்கே காட்டுவதானாலும் அவளைக் கேட்க வேண்டும். அந்த நடை அவளுடையது, அவள் மனம் வைத்தால்தான் மற்றவருக்கு. திருத்தியதை மறுபடி வாசித்தபோது தன் வசனத்தையெல்லாம் வெட்டிவிட்டார்கள் என்று லைட் மாமா முறைத்துக்கொண்டார்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டாள். இயக்குநருக்கு மட்டும் ஏதோ குறையாகவே இருந்தது போலும், வாசல் வரை வந்தவர் வண்டியிலிருந்து கம்பை எடுத்து, "இதையும் பிடிச்சுக்கம்மா, இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது" என்று கையில் கொடுத்தார். அதை ஊன்றிக்கொண்டேதான் அவள் வலது காலை நொண்டி வீடுவரை நடந்தாள், நிஜமாகவே. நாடகம் பார்த்த மருந்துக்கடைக்காரர் வெளியே எட்டிப்பார்த்து, "கால் மாறிப்போச்சு, கவனிங்க!" என்று கத்தினார். அம்மா கம்பை உயர்த்தி அந்த வீட்டுச் சொந்தக்காரி குரலிலேயே அவரை ஒரு பிடி பிடித்தாள், தெருவே கைதட்டியது.

வரும் வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. நீ லீவு போட்டு ஓடி வரவேண்டாம், மாலையில் போன் செய்தால் போதும், தற்காலிகமாக நடிப்பவளைப் பற்றி அவள் சொல்லப்போகும் குறைகளைப் பொறுமையாகக் கேட்டுக்கொள். புது வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நீயும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள், உனக்கு எத்தனை வசனம் என்று தெரியும். இருவரும் நோய்நொடியில்லாமல், சண்டை போட்டாலும் சிரித்து முடிக்கிறவர்களாக நீண்ட காலம் வாழ வேண்டும்.

ஒன்றை மறக்காதே. நீ கல்லூரியில் சேர்ந்தபோது தாயின் தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாய், "கட்டம் சின்னதா இருக்கு, இல்லத்தரசின்னு போட்டுடு" என்று அம்மாவே சொன்னாள். நடிகை என்பது அதைவிடச் சின்ன வார்த்தை. இனி எங்கே கேட்டாலும் அதையே எழுது.

உன் அன்புள்ள
அப்பா