எனக்கும் சேர்த்துப் பாடியவருக்கு

அக்கா,

எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நீளமாக எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. வாட்ஸ்அப்பில் நான் பத்து வரி அனுப்பினால், நீங்கள் ஒரு கட்டைவிரலை மட்டும் திருப்பி அனுப்புவீர்கள். மறுநாள் உங்கள் ஸ்கூல் வேனை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, "என்னம்மா அவ்ளோ எழுதியிருக்க? வாயில சொல்லு லா" என்பீர்கள். வாயால் சொல்ல வராததால்தான் அப்போதும் எழுதினேன், இப்போதும் எழுதுகிறேன்.

என் விரல்களில் புளி வாசனை. ஜால்ராவைத் துலக்கும் முறை இந்த வாரம் எனக்கு. கழுவித் துடைத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். நீங்கள் கட்டிய பச்சைக் கயிறு அழுக்கேறி இருக்கிறது, ஆனால் முடிச்சு தளரவில்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்கு இதை ரெங்கம் பாலாய் ராயா பொதுமண்டபத்துக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

நீங்கள் என்னை முதன்முதலாக அங்கே அழைத்துப் போன நாள் நினைவிருக்கிறதா? நான் படிப்பை முடித்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போனது நான்தான் முதல் ஆள். அதனால் கோயில் கூட்டம், கல்யாணம், பிறந்தநாள் எங்கே போனாலும், "படிச்ச பிள்ள, ரெண்டு வார்த்த பேசு" என்று யாராவது என்னை முன்னால் தள்ளிவிடுவார்கள். எழுந்து நிற்பேன். ஒன்றும் வராது. குளுவாங்கில் இரண்டு நேர்முகத் தேர்வுகளிலும் அப்படித்தான் ஆனது. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. நான் வெளியே போவதையே விட்டுவிட்டேன்.

நீங்கள் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தீர்கள். அன்று வேனிலிருந்தபடியே கூப்பிட்டீர்கள். "ஏறு. பாட்டு கேட்டுட்டு வரலாம். டீ உண்டு."

பத்துப் பன்னிரண்டு பேர், வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தப்பு, ஒரு கஞ்சிரா, ஒரு பழைய கித்தார். மைக் கிடையாது. அந்தச் சட்டத்தைப் போட்ட குமார் அண்ணனுக்குத் தொழிலே மைக் செட் வாடகைக்கு விடுவதுதான். "வாரம் பூரா காது கிழியுது. இங்க ஒரு ஒயர் வந்துச்சு, நான் வீட்டுக்குப் போயிருவேன்" என்றார். நீங்கள் விடவில்லை. "போங்களேன், ஒரு பாட்டு மிச்சம்" என்றீர்கள்.

பிறகு அந்த ஜால்ரா கிளம்பியது. அது வலப்பக்கமாகக் கைமாறி வரும். யார் கைக்கு வருகிறதோ அவர் ஒரு நாட்டுப்பாட்டுப் பாட வேண்டும். பாட முடியாதவர் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடலாம். ஆனால் வாங்கியவர் அதை மறுபடி தள்ளிவிடக் கூடாது. கொடுத்தவருக்காக ஒன்று, தனக்காக ஒன்று என்று இரண்டு பாட வேண்டும். குமார் அண்ணன் இதைச் சொன்னபோதே கழிவறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

அது என் மடிக்கு வந்தது. நான் நிமிர்வதற்குள் உங்கள் கை நீண்டு அதை எடுத்துவிட்டது. நான் கொடுத்ததுபோலக்கூட இல்லை. நீங்கள் பறித்துக்கொண்டது போலத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். உடனே ஆரம்பித்துவிட்டீர்கள்.

*லோரி போகுது லோரி போகுது ரெங்கம் ரோட்டுல*
*ஏறிப் போன எங்க மாமன் எந்த வீட்டுல?*

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

அதன்பிறகு இரண்டு வருடம் எல்லாச் சனிக்கிழமையும் நீங்கள் என் வலப்பக்கம். ஒருநாள், பாவம் உங்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று நான் வட்டத்தின் மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். நீங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வந்தீர்கள். "அங்க காத்தாடி காத்து வரல" என்றீர்கள். காற்றாடி உங்கள் பழைய இடத்துக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கும் லோரிதானாக்கா? டயர் தேஞ்சிருக்கும்" என்று குமார் அண்ணன் கிண்டல் செய்வார். "உங்க ஸ்பீக்கர் மாதிரி எங்க லோரி நடுவுல நிக்காது" என்பீர்கள். உங்களுக்குப் பாடுவது அவ்வளவு ஆசை என்றே நான் நம்பினேன். என் முறையைக் கொடுப்பது உங்களுக்கு நான் செய்யும் உதவி என்றுகூட நினைத்திருக்கிறேன். எவ்வளவு அசட்டுத்தனம்.

திரும்பும் வழியில் வேனில் நான் பேசுவேன். கேட்ட பாட்டைப் பற்றி, அப்பா வேலை செய்யும் செம்பனை எண்ணெய் ஆலையைப் பற்றி, நேர்முகத் தேர்வில் உறைந்துபோனதைப் பற்றி. நீங்கள் சாலையைப் பார்த்தபடி ஓட்டுவீர்கள். மூன்றாவது நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரை நான் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, வேனில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பதில் சொன்னேன். வேலை கிடைத்தது. உங்களிடம் சொன்னபோது ஹாரனை மூன்று முறை அடித்தீர்கள். என்னைப் பாடு என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. "காது இருக்குல்ல? கேளு. அதுவும் ஒரு வேலதான்."

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் வந்திருந்தபோது அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், வேனின் முன்பெட்டியிலிருந்து எடுத்த ஒரு நோட்டை என்னிடம் காட்டினார். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகு மரநிழலில் வேனை நிறுத்தி, நீங்களே பாட்டுக் கட்டிப் பார்ப்பீர்களாம். "அவளுக்குத் தெரிஞ்சதே நாலு பாட்டும்மா. வாரம் ரெண்டு பாடணும்னா எங்க போவா? வெள்ளிக்கிழம ராத்திரி தூங்கவே மாட்டா. போகாம இருந்துரேன்னு நான் சொன்னா, அந்தப் புள்ள தனியா மாட்டிக்கும்னுவா."

அண்ணன் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு நோட்டைத் திருப்பிக் கொடுக்கவே கை வரவில்லை; நீயே வச்சுக்க என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்காமல் கிடப்பது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன் அக்கா.

மூன்று மாதமாக உங்கள் நாற்காலியைக் காலியாகவே வைத்திருக்கிறார்கள். என் கைக்கு வரும் ஜால்ராவை அதைத் தாண்டி நீட்டுவேன். குமார் அண்ணன் எழுந்து வந்து வாங்கிக்கொள்வார். 

போன சனிக்கிழமை நான் தாமதமாகப் போனேன். என் நாற்காலியில் ஒரு புதியவர் இருந்தார். காஹாங்கில் லோரி ஓட்டுகிறாராம். ஐம்பது வயதிருக்கும், பெரிய உடம்பு, தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் நின்றுகொண்டேன். ஜால்ரா அவரிடம் வந்தது. அவர் வலப்பக்கம் திரும்பி நீட்டினார். வாங்க ஆள் இல்லை. அந்தக் கை அப்படியே நின்றது. "பரவால்லண்ணே, மெதுவா பாடுங்க" என்றார் குமார் அண்ணன் நல்ல மனதோடு. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் ஜால்ராவை உங்கள் நாற்காலிமேல் வைத்தார். சின்னதாக ஒரு சத்தம் வந்தது. டீ வருவதற்குள் அவருடைய மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போய்விட்டது.

நான் நான்கடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். என் கை நீளவில்லை.

குமார் அண்ணன் அவருக்குப் போன் செய்திருக்கிறார். இந்த வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்றாராம். இன்னொரு முறை அந்தக் கை அந்தரத்தில் நின்றால் அவர் பிறகு வரமாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நோட்டில் உள்ளதை நான்கு நாளாகக் குளியலறையில் பாடிப் பார்க்கிறேன். அம்மா வெளியே தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிறார். இரண்டாவது வரியில் குரல் உடைகிறது. இரண்டு பாட்டு வேண்டும். என்னிடம் ஒன்றரைதான் இருக்கிறது.

இவ்வளவும் எழுதியது ஒன்று கேட்கத்தான், அக்கா. உங்களிடம் ஒருநாளும் நான் எதையும் கேட்டதில்லை; கேட்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டுவிடுவீர்கள். சனிக்கிழமை அவருக்கு வலப்பக்கம், உங்கள் நாற்காலியில், நான் உட்கார்ந்துகொள்ளட்டுமா? அந்த லோரிப் பாட்டையும் கொடுங்கள்.