கிட்னிக்குப் பதில் ஊட்டி

அக்டோபர் 10, வெள்ளி. அருவங்காடு

முருகா, நீயே துணை.

இன்று இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், அத்தை மருதாம்பாள், மகள் வர்ஷா, கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கும் என் தங்கை உஷா. அவளைக் கொண்டுவந்து விட்ட அவள் புருஷன் கை நனைக்காமலே கிளம்பிவிட்டார்.

உஷாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இடுப்பெலும்பும் தேய்ந்து, வீல்சேர் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. அவள் புருஷனுக்குச் சர்க்கரை. அவர் கொடுக்கக் கூடாது. அம்மா அப்பா இல்லை. பாக்கி நான்தான். போன மாதம் ரிப்போர்ட் வந்தது. என்னுடையது பொருந்துகிறது.

அன்றைக்கே இவர் சொல்லிவிட்டார். "ரெண்டு நாள் கூட்டியாந்து ஊட்டி, குன்னூரெல்லாம் சுத்திக் காட்டி அனுப்பு. அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம்."

சாப்பாட்டில் உட்கார்ந்ததும் உஷா கேட்டாள்: "ஏனுங்க மாமா, கிட்னிக்குப் பதிலா ஊட்டியாங்க?"

அவள் மட்டும் சிரித்தாள்.

அக்டோபர் 11, சனி

பெட்ரோல், டிக்கெட், வர்ஷாவுக்கு மக்காச்சோளம் எல்லாம் கணக்கு நோட்டில் ஏற்றியாயிற்று. உஷா குடித்த தண்ணீர் மட்டும் இங்கே. காலையில் அரை டம்ளர். மாத்திரைக்கு மூன்று மடக்கு. மத்தியானம் கால் டம்ளர். அதற்கு மேல் கொடுத்தால் நுரையீரலில் நீர் ஏறுமாம்.

சிம்ஸ் பார்க் முழுக்கச் சரிவு. மேலேயே வீல்சேரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நாங்கள் இறங்கிப் போனோம். ஏரியில் படகு வேறு. ஏறி வரும்போது அவள் அதே மரத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"இந்த மரத்துக்குப் பேரு என்னக்கா? நல்லாப் பழகிட்டோம்."

டீ பேக்டரியில் ருசி பார்க்க ஆளுக்கொரு சின்னக் கப். உஷா வாங்கி, மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அத்தை சும்மா இருந்திருக்கலாம். "காசு குடுத்து டிக்கெட் எடுத்துக் கூட்டியாந்தா, மோந்து பாக்கறாளாமா!" என்று பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். உஷா கப்பை அத்தையிடமே நீட்டினாள். "நீங்களே குடிச்சுக்குங்க அத்தை. எச்சில் பண்ணலீங்க." அத்தை வாங்கிக் குடித்துவிட்டார். குடித்தார்!

வீட்டுக்கு வந்ததும், கிட்னி கொடுக்கட்டுமா என்று இவரிடம் கேட்டேவிட்டேன். அத்தைதான் முந்திக்கொண்டார். "என்ற பையனுக்குச் சோறாக்கிப் போடற ஒடம்பு அது. அதுல பாதிய அறுத்துக் குடுப்பியா?" இவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியவில்லை முருகா. கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. கத்தியை நினைத்தால் பயமாக இருக்கிறது. வர்ஷாவுக்கு ஏழு வயது.

கடைசியில் நான்தான் சொன்னேன், மாரியம்மனிடம் பூக் கேட்கலாம் என்று. வெள்ளை வந்தால் கொடுப்பது, சிவப்பு வந்தால் இல்லை. இவர் உடனே சரி என்றார். 

அறைக்குள்ளிருந்து உஷா: "ஏக்கா, உனக்கு வாய் இல்லியா?"

அக்டோபர் 12, ஞாயிறு

மார்க்கெட்டில் வெள்ளரளியும் செவ்வரளியும் வாங்கினேன். கோயில் சாயங்காலம்தான் திறக்கும். அதற்குள் டால்பின் நோஸ் பார்த்துவிடலாம் என்றார் இவர்.

வண்டி நிற்குமிடத்திலிருந்து வீல்சேரைத் தள்ள முடியவில்லை, அவ்வளவு கூட்டம். "நீ வண்டியிலயே இரு. கொரங்கு வரும்" என்று கண்ணாடியை ஒரு விரல் அளவு விட்டுப் பூட்டினார் இவர். உஷா பூப்பையைக் கேட்டாள். "சும்மா கெடக்கறதுக்குப் பொட்டலமாவது கட்டி வெக்கிறேன்." கொடுத்துவிட்டுப் போனோம். முனையில் வெறும் பனிதான். அதற்கும் போட்டோ எடுத்தோம்.

திரும்பினால் பானெட்டில் இரண்டு குரங்கு. கண்ணாடியில் மூக்கை வைத்து, சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பமே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. பூட்டிய வண்டியில் பொம்பளையா என்று. உஷா சொன்னாள்: "வியூ பாயிண்டே நாந்தானுங்க மாமா. டிக்கெட் போட்டிருந்தா பெட்ரோல் காசு வந்திருக்கும்." மடியில் இரண்டு பொட்டலம், இலையில் மடித்து, நூல் சுற்றி, ஒன்றுபோல.

கோயிலில் வீல்சேரைச் சன்னதிக்கு நேரே நிறுத்தினோம். பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் போட்டு எடுத்து, வர்ஷாவை ஒன்று எடுக்கச் சொன்னார். பிரித்தார்.

செவ்வரளி.

"ஆத்தாளே சொல்லிப்போட்டா" என்றார் அத்தை. இவர் உண்டியலில் ஐநூறு போட்டார். ஒருநாளும் போட்டதில்லை.

எனக்கு அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு மூச்சு இறங்கியது. இதை ஏன் எழுதுகிறேன்?

பிரிக்காத பொட்டலத்தை ஓடும் தண்ணீரில் விட வேண்டும். மழை பிடித்துவிட்டது. முந்தானையில் முடிந்து வந்து சாமி அலமாரியில் வைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

டயாலிசிஸுக்கு நேரமாகுமென்று உஷாவை அவள் புருஷன் விடிகாலையிலேயே வந்து அழைத்துப் போய்விட்டார். ஊட்டிக்குப் போகவே இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. இவர் வண்டி கழுவினார். "ஏப்புள்ள, இதென்ன, பின்சீட்டுக்கு அடியில பூராப் பூவு?" என்று சத்தம் போட்டார். போய்ப் பார்த்தேன். காய்ந்த வெள்ளரளி. ஒரு கைப்பிடி.

பின்சீட்டில் இருந்தது உஷா.

பிரிக்கக் கூடாது என்பார்கள். அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்தேன். அதுவும் செவப்பு. அம்மா தாயே, ரெண்டும் செவப்பு!

இவரிடம் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அப்போ ஆத்தா ரெண்டு தடவை வேண்டாங்கறா. வேலையப் பாரு."

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

போன் போட்டேன். டயாலிசிஸ் படுக்கையில் இருந்தாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணினே?"

"உன்ற மூஞ்சியப் பாக்கறதுக்கு."

"என்ன?"

"செவப்பப் பாத்ததும் மூச்சு விட்டே பாரு, அப்பாடான்னு. நான் நேரா உன்னத்தான் பாத்துட்டிருந்தேன். வெள்ள வந்து நீ அழுதுட்டே குடுத்தா அது எனக்கெதுக்கு? பலகாரம் சுட்டாச்சா?"

வைத்துவிட்டாள். முறுக்கு ஒரு ஈடு கருகிவிட்டது.

அக்டோபர் 22, புதன்

சஷ்டி விரதம் ஆரம்பம். உஷா இன்று ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாளாம். அவள் புருஷன் போனில் அழுதார்.

இந்த விரதத்துக்கு எனக்கும் அவளுடைய அளவுதான் தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்தத் தாகத்தோடுதான் அவள் பேக்டரியில் அந்தக் கப்பை மூக்கருகே பிடித்திருந்தாள்.

அக்டோபர் 24, வெள்ளி

இன்று உஷாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்களாம். கால் இரண்டும் வீங்கிவிட்டதாம்.

இவரிடம் சொன்னேன், கொடுக்கப் போகிறேன் என்று. கேட்கவில்லை, சொன்னேன். "போனா அப்படியே போயிரு. இந்த ஊட்டுக்கு வராதே" என்றார். அத்தை அரிசி களைந்துகொண்டே இருந்தார். வர்ஷா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்டோபர் 27, திங்கள்

சூரசம்ஹாரம். கோயிலுக்குப் போகவில்லை. பையில் இரண்டு சேலை, வர்ஷாவின் துணி, ரிப்போர்ட். நாளைக் காலை முதல் பஸ்.

உஷாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பியது, இங்கேயும் இருக்கட்டும்:

உஷா, அன்றைக்கு நான் மூச்சு விட்டது நிஜம். பயம் இப்பவும் இருக்கு. ஆஸ்பத்திரி வாசலிலும் இருக்கும். அதோடதான் வர்றேன். பூவெல்லாம் இனி வேண்டாம், சாமியும் நடுவில் வேண்டாம். நான் குடுத்தா வாங்கிக்குவியா, மாட்டியா? உன் வாயால் சொல்லு. சீக்கிரம் பதில் போடு.