நடுவில் கோடு வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை. சமையலறை இழுப்பறையைத் திறந்தேன். தைல வாசனை குப்பென்று வந்தது. மகள் மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்திருக்கிறாள். திட்ட வாயெடுத்தவள், உன் நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன்.

சிங்கப்பூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நம் இருவருக்கும் ஒரே மேசை, ஒரே இழுப்பறை. உன் தைலமும் ஜெபமாலையும் இடப்பக்கத்திலிருந்து வரும். என் குங்குமச்சிமிழும் முறுக்குப் பொட்டலமும் வலப்பக்கத்திலிருந்து. நடுவில் ஓர் அட்டை வைத்துத் தடுக்கலாம் என்றேன் ஒருநாள். உனக்கு வேறு வேலையே இல்லையா என்று சிரித்தாய்.

எண்பதுகளில் புது மின்னணு ஸ்விட்ச் வந்தது. எந்த எண்ணைச் சுழற்றினால் எந்த வீட்டில் மணியடிக்க வேண்டும் என்பதை அது தன் மெமரியில் இருக்கும் அட்டவணையில் தேடிப் பார்க்கும். அந்த மெமரியைச் சரிபாதியாகப் பிரித்து அனுப்பியிருந்தார்கள். ஒரு பாதி வீட்டு எண்களுக்கு, மறுபாதி கடைக்காரர்கள் முழு எண்ணுக்குப் பதிலாகச் சுழற்றக் கேட்கும் இரண்டிலக்கச் சுருக்க எண்களுக்கு. சுருக்க எண்ணை யாரும் சீண்டவில்லை. வீட்டுப் பாதியோ நிரம்பிவிட்டது. கூடுதல் மெமரி கப்பலில் வந்த பிறகுதான் புது அடுக்குமாடிக்கு இணைப்பு என்று சொல்லிவிட்டார்கள். அங்கேதான் நெஞ்சுவலிக்கார உன் அம்மா பகலெல்லாம் தனியாக இருந்தார். வேலையில் உனக்கு மனமே ஒட்டவில்லை.

ஒருநாள் தேக்கா சந்தையில் சாப்பிட்டுத் திரும்பியதும் தைலம் எடுக்க இழுப்பறையைத் திறந்தவள், இரு பக்கச் சாமான்களுக்கும் நடுவே தடுப்பில்லாமல் கிடந்த இடத்தையே பார்த்தாய். பிறகு நேராக மேலதிகாரியிடம் போனாய். நடுக்கோட்டை எடுத்துவிடலாம், வீட்டு எண்கள் மேலிருந்து கீழே வரட்டும், சுருக்க எண்கள் கீழிருந்து மேலே போகட்டும் என்றாய். இரண்டும் முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டார்.

"முட்டுறப்ப பாத்துக்கலாம் சார். அதுக்குள்ள கப்பல் வந்துடும் லா."

சிரித்துவிட்டார் மனுஷர். அட்டவணை முழுவதையும் நாம் இருவரும் மாற்றி எழுதினோம். அந்த அடுக்குமாடிக்கு இணைப்பு கிடைத்ததும் உன் அம்மாவின் முதல் அழைப்பு நம் மேசைக்குத்தான் வந்தது. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார். ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு அழுதாய். இருவரும் சாப்பிட்டுவிட்டோம் என்று நான்தான் சொன்னேன்.

இவ்வளவு சீக்கிரம் போய்ச்சேர உனக்கு என்ன அவசரம் என்று இன்னமும் கோபம் இருக்கிறது. ஆனாலும் என் சாமான்களை வலப்பக்கத்திலிருந்தே அடுக்குகிறேன். இடப்பக்கம் என் மகளுடையது. இதுவரை முட்டவில்லை.

உன் அம்மாவின் அந்த அடுக்குமாடி வீட்டில் இப்போது உன் மகள். தொலைபேசி எண்ணுக்கு முன்னால் ஓர் இலக்கம் கூடியிருக்கிறது, மற்றபடி அதே எண். சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கூப்பிடுவாள். இதை எழுதும்போதே மணியடித்தது.

"ஆன்ட்டி, சாப்டீங்களா?"