மூன்று பேர் நிற்கிற அகலம்

ஆகஸ்டு 3, 2025

ஆடி ஞாயிறு. ஈஜோக் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் இவரும் நின்றோம். "யஷ்வினி, நீயும் வாம்மா" என்றேன். "நா எடுக்கறேன் ஆன்ட்டி, நீங்க அப்பா பக்கத்துல நில்லுங்க." போனை வாங்கிக்கொண்டு பின்னால் போய்விட்டாள்.

கல்யாணம் பதிவு செய்த அன்றும் இதேதான். ஒரு வருஷம் ஆகப்போகிறது. நானும் இவரும் இவர் மகளும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இந்த வீட்டில் இல்லை. ஒருமுறை நானே போனை நீட்டி மூன்று பேரையும் பிடித்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் படத்தைக் காணோம். அழித்திருக்கிறாள். கேட்டால், "அதுல நா அசிங்கமா இருந்தேன் லா."

பதின்மூன்று வயசு. சண்டை போடுவதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிவைக்கிறாள். விருந்தாளி மாதிரி. சண்டை போட்டாலாவது சமாதானம் ஆகலாம்.

கூடத்தில் கௌரியின் படம் மாலையோடு இருக்கிறது. யஷ்வினியைப் பெற்றவள். அந்தப் படத்தைக் கழற்றச் சொல்கிற ஆள் நான் இல்லை. எனக்கு வேண்டியது ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்ட ஒரே ஒரு படம். அதற்குக்கூடக் கொடுத்துவைக்கவில்லையா?

ஆகஸ்டு 8

எடுத்த உடனே காகிதத்தில் வருகிற கேமரா. ஆமாம், அதுதான். காகிதத்தில் வந்ததை விரலால் தட்டி அழிக்க முடியாதே.

ரவாங் ஃபேக்டரியில் கையுறை சோதிக்கிற மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க இதே கனவு. கேமராவின் வாயிலிருந்து வெள்ளையாக வருகிறது. முதலில் ஒன்றுமில்லை, பால் மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தால் ஓர் ஓரத்தில் மெல்லக் கறுப்பு ஊறுகிறது. தலைமுடி. யாருடைய தலைமுடி? பிறகு நெற்றி, பிறகு கண்... அதற்குள் ஓட்டை விழுந்த கையுறை ஒன்று என்னைத் தாண்டிப் போய்விட்டது. சூப்பர்வைசர் கத்தினார். கத்தட்டும்.

ஆகஸ்டு 16

ரவாங்கில் தேவன் கேமரா கடைக்குப் போனேன். மூன்று விதம் எடுத்து வைத்தார். ஒன்றின் படம் வங்கி அட்டை அளவுதான், கேமராவும் பொம்மை மாதிரி அழகு. இன்னொன்று சதுரம். மூன்றாவது அகலப் படம், சின்னதைப்போல இரண்டு பங்கு. கேமரா ரொட்டிப் பெட்டி கணக்காய் இருக்கிறது.

"எத்தனை பேரு அக்கா?"

"மூணு பேரு."

"மூணு பேருன்னா சின்னதுலயே வந்துரும் லா. கொஞ்சம் ஒட்டி நின்னாப் போதும்."

ஒட்டி நின்றால். அதற்குத்தானே இந்தப் பாடு!

"ஒட்டி நிக்காம, தள்ளித் தள்ளி நின்னா?"

ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு அகலப் படத்தை என் பக்கம் நகர்த்தினார். கடைச் சுவரில் மாதிரிப் படம் ஒன்று இருந்தது. யாரோ மூன்று பேர் கடற்கரையில் நிற்கிறார்கள். நடுவில் காற்று போகிற அளவு இடம். ஆனாலும் ஒரே படம்தான், ஒரே குடும்பம்தான். அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். தேவன் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

அகலத்திலும் இரண்டு மாடலாம். பழையதை யாராவது கையில் பிடித்து அழுத்த வேண்டும். புதியதில் டைமர் உண்டு. வைத்துவிட்டு ஓடிப்போய் நிற்கலாம்.

கேமராவை யாரும் பிடிக்க வேண்டாம் என்றால் அவளுக்கு என்ன சாக்கு இருக்கும்?

ஆகஸ்டு 17

"போன் இருக்கே லோகா, இது எதுக்கு?" என்கிறார் இவர். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிற மனுஷனுக்கு எல்லாவற்றையும் எடையாகத்தான் பார்க்கத் தெரியும்.

ஆகஸ்டு 24

வாங்கிவிட்டேன். அகலம், டைமர் உள்ளது.

சாயந்தரம் ஜெராம் கடற்கரை. முதல் படம் நான் எடுத்தேன். பார்க்கிற துவாரம் ஓரமாக இருக்கிறது, லென்ஸ் நடுவில் இருக்கிறது. நான் பார்த்தது ஒன்று, வந்தது ஒன்று. இவருக்குப் பாதித் தலை இல்லை. யஷ்வினி சிரித்தாள்! வாயைப் பொத்திக்கொள்ளாமல், சத்தமாக. "ஐயோ ஆன்ட்டி, அப்பாவுக்கு மண்டையைக் காணோம்!" இப்படிச் சிரிப்பாள் என்றே எனக்குத் தெரியாது.

பிறகு கேமரா அவள் கைக்குப் போய்விட்டது. கேமராவோடு வந்த புத்தகத்தைப் படித்து எனக்கே பாடம் எடுக்கிறாள். படத்தை உதறக் கூடாதாம், வெயில் படக் கூடாதாம். வெளியே வந்ததும் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள், கோழிக்குஞ்சு மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் நானும் இவரும், பின்னால் சேற்றுநிறக் கடல், படகு. அவ்வளவு அழகு.

கேமராவுக்குப் பின்னால் நிற்க அவளுக்கு ஆசை. முன்னால் மட்டும் வர மாட்டேன் என்கிறாள்.

செப்டம்பர் 16

விடுமுறை. செகிஞ்சான். நாற்று பச்சை பிடித்திருந்தது. வயலுக்கும் வானத்துக்கும் நடுவே நடக்கும்போது உடம்பே இல்லாதது போல இருந்தது. இன்றைக்குத்தான் என்று மனசு சொன்னது.

கார் பானட் மேல் கேமராவை வைத்து டைமரை அழுத்தினேன். ஓடிவந்து நடுவில் நின்றேன். வலப்பக்கம் இவர். இடப்பக்கம், தள்ளி, அவள். பரவாயில்லை, தள்ளியே நிற்கட்டும். சிவப்பு விளக்கு மின்னியது. வேகமாக மின்னத் தொடங்கியதும் ஓடிவிட்டாள். வரப்பு வரைக்கும் ஓடினாள்.

படம் ஊறி வந்தது. நான், இவர், அப்புறம் பச்சை வயல்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "என்கூட நிக்க அவ்ளோ அருவருப்பா இருக்கா உனக்கு?" கேட்டுவிட்டேன். வயலில் இருந்த சீனப் பெரியவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவள் காரில் போய் உட்கார்ந்தாள். மாம்பழம் வாங்கலாம் என்று வந்தோம், வாங்காமலே திரும்பினோம்.

செப்டம்பர் 17

அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. இங்கே யார் பெரியவள்?

செப்டம்பர் 19

டியூஷனுக்குக் கூட்டிப்போனேன். மழை. சிக்னலில் நிற்கும்போது, ஜன்னல் பக்கம் திரும்பியபடியே பேசினாள்.

"மூணு பேரா நின்னு படம் எடுக்கக் கூடாது ஆன்ட்டி. நடுவுல நிக்கிறவங்க செத்துருவாங்க."

"யாரு சொன்னா?"

"அத்தை."

அத்தை என்றால் வள்ளியம்மா அண்ணி, இவருடைய அக்கா. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஏழு வயசுப் பிறந்தநாளுக்குக் கோலசிலாங்கூர் குன்றின் மேல், பீரங்கிக்குப் பக்கத்தில், மூன்று பேரும் நின்று படம் எடுத்தார்களாம். நடுவில் கௌரி. அந்த மாசமே கௌரிக்கு டெங்கிக் காய்ச்சல். சாவு வீட்டில் அண்ணி, "மூணு பேரா நிக்காதீங்கன்னு தலையால அடிச்சிக்கிட்டேனே, நடுவுல நின்னவளக் கொண்டுபோயிருச்சே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். பிள்ளை பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறது.

"நாந்தான் அன்னிக்கு அடம்பிடிச்சி எடுக்கச் சொன்னேன். செகிஞ்சான்ல நீங்க நடுவுல நின்னீங்க ஆன்ட்டி. நீங்களும் போயிட்டா நா என்ன பண்றது?"

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். பச்சை விழுந்திருக்கிறது. எனக்குக் கண் தெரியவில்லை. காரை ஓரங்கட்டிவிட்டு இருவரும் அழுதோம். டியூஷனுக்குப் போகவில்லை.

நான் என்னென்ன நினைத்தேன்! எதைச் சொல்லிக் கத்தினேன்!

செப்டம்பர் 21

இவரிடம் சொன்னேன். லோரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அண்ணியிடம் கேட்கத்தான் போனேன், நாலு வார்த்தை நறுக்கென்று. "அப்படியா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லியேம்மா" என்றார். நிஜமாகவே நினைவில்லை அவருக்கு. யாரிடம் சண்டை போட?

செப்டம்பர் 28

இன்று அவளே வந்தாள். "எடுக்கலாம் ஆன்ட்டி. ஆனா மொதல்ல நீங்க டாக்டர்கிட்ட ஃபுல்லா செக் பண்ணணும்." சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சரி என்றேன்.

அக்டோபர் 3

ரத்தம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, எல்லாம் ஆயிற்று. கொழுப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். "அப்ப சாந்தான் கறி கட்" என்று உத்தரவு போட்டாள் யஷ்வினி. இனிக் கறிக்குத் தேங்காய்ப்பால் கிடையாது.

அக்டோபர் 4

வீட்டு வாசலில்தான். கேமராவை மதில் மேல் வைத்தோம்.

"நீங்க ஓரமா நில்லுங்க ஆன்ட்டி. அப்பா, நீங்களும் ஓரமா."

"அப்ப நடுவுல?" என்றார் இவர்.

அவள் போய் நடுவில் நின்றாள். கையை இறுக்கி மூடிக்கொண்டு, முகம் வெளுத்து.

இதெல்லாம் நம்பாதவள்தான் நான். ஆனால் அவள் அங்கே நின்றதும்... ஐயோ, வேண்டாம்! விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போதே அவளை இழுத்து ஓரத்தில் தள்ளிவிட்டு நான் நடுவில் நின்றேன். "ஆன்ட்டி!" என்று கத்தியபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது பளிச்சென்று அடித்தது.

படம் ஊறி வர மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வாய் திறந்திருக்கிறது, நான் பாதி திரும்பியிருக்கிறேன், இவர் மட்டும் போஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பக்கமும் வாசல் சும்மா கிடக்கிறது. நாங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கிறோம். சின்னக் கேமராவே போதுமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 5

விடிகாலையில் கண் விழித்தால் அறை வாசலில் யஷ்வினி நிற்கிறாள். "என்னம்மா?" "சும்மா லா ஆன்ட்டி." போய்விட்டாள்.

அக்டோபர் 6

இன்றும்.

அக்டோபர் 10

இப்போதெல்லாம் அவள் காலடி கேட்டதும் நான் புரண்டு படுக்கிறேன், இல்லையென்றால் இருமுகிறேன். மூச்சு இருக்கிறது என்று தெரிந்தால் போதும் அவளுக்கு. திரும்பிப் போய்விடுகிறாள்.

அக்டோபர் 17

தீபாவளி வேலை. முறுக்கு கருகிவிட்டது. விடிகாலையில் வழக்கம்போல் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 1

சனிக்கிழமை. விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். வெளிச்சம் வந்தது. இவர் எழுந்து லோரியை எடுத்துக்கொண்டு போனார். காலடிச் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற சத்தம் தொடங்கிவிட்டது. நானே எழுந்து போய்ப் பார்த்தேன். குப்புறப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு, தலையணையெல்லாம் எச்சிலாகத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். என்னை வந்து பார்க்க மறந்துவிட்டாள்.

எழுப்பவில்லை. தூங்கட்டும்.